கண்ணாடிப் பிளாக் விளக்கு: முதலில் உட்புறம், கடைசியில் ரிப்பன்

கண்ணாடிப் பிளாக்கில் பண்டிகை விளக்கு செய்ய உட்கார்ந்தால் கை முதலில் ரிப்பனுக்குத்தான் போகும். எந்த நிறம், எவ்வளவு அகலம், முடிச்சு எந்தப் பக்கம் என்று எல்லாம் முடிவான பிறகு சீரியல் லைட்டை உள்ளே திணித்து பிளக்கைச் சொருகுவோம். விளக்கு எரியும். ஆனால் அடியில் ஒரு ஒளிக்குவியல், மேலே பாதி இருட்டு. இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்த்தால் உட்புறம் முழுக்க ஆவி படிந்து மங்கியிருக்கும். ரிப்பனை அவிழ்த்து, லைட்டை உருவி, எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். உள்ளே ஈரமில்லாமல் இருப்பதும், ஒளி எல்லாப் பக்கமும் பரவுவதும்தான் இந்த வேலையில் முக்கால் பங்கு. ரிப்பனும் ஸ்டிக்கரும் அதற்குப் பிறகு ஒரு மணி நேர வேலை. அதனால் இங்கே உட்புறத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

கட்டட வேலைக்கு வரும் வழக்கமான கண்ணாடிப் பிளாக் 190 மி.மீ. சதுரம், 80 மி.மீ. தடிமன், எடை சுமார் 2.3 கிலோ. இரண்டு பாதிகளைத் தனித்தனியாக அச்சில் அழுத்தி, விளிம்புகளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். பக்கவாட்டின் நடுவே ஓடும் வரிதான் அந்த ஒட்டு. சூடாக இருக்கும்போதே மூடிவிடுவதால், ஆறிய பிறகு உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் வெளியை விட நன்றாகக் குறைந்திருக்கும். 1886இல் சுவிட்சர்லாந்தின் குஸ்தாவ் ஃபல்கோனியே காப்புரிமை பெற்ற கண்ணாடிச் செங்கல்கள் பாட்டில் போல வாயால் ஊதிச் செய்தவை. ஊதிய வாயைப் பிறகு அடைத்தார்கள். இன்றைய பிளாக்குக்கு வாய் என்று ஒன்றே கிடையாது. லைட் போக வேண்டுமானால் நாம்தான் திறக்க வேண்டும்.

கைவினைக்கென்றே, ஒரு விளிம்பில் துளையும் அதற்கொரு பிளாஸ்டிக் மூடியுமாக வரும் பிளாக்குகளும் உண்டு. முதல் முறை செய்பவர்கள் இதையே வாங்குவது நல்லது. துளையிடும் பகுதியைத் தாண்டி நேராக உலர்த்தும் பகுதிக்குப் போய்விடலாம். ஆனால் உலர்த்தும் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தொழிற்சாலையில் துளையிட்ட பிளாக்கின் உள்ளேயும் கண்ணாடித் தூள் தங்கியிருக்கும்.

முகத்தின் வடிவம் முக்கியம். வழவழப்பான தெளிவான முகம் என்றால் உள்ளே இருக்கும் வயர், சிக்கல், பல்பின் அடிப்பகுதி எல்லாம் அப்படியே தெரியும். அலை வடிவம் ஒவ்வொரு புள்ளியையும் நாலைந்தாகப் பிரித்துக் காட்டும், வயரை மறைக்கும். பனிக்கட்டி போன்ற நுண்ணிய வடிவம் ஒளியை இன்னும் கரைத்து ஒரே பரப்பாக்கும். பெயரோ உருவமோ ஒட்டப்போகிறீர்கள் என்றால் நுண்ணிய வடிவம். வெறும் ரிப்பனோடு பரிசுப்பெட்டி போல வைக்கப்போகிறீர்கள் என்றால் அலை வடிவம். தெளிவான முகத்தை உள்ளே ஏதாவது நிரப்பப் போகிறவர்கள் மட்டும் எடுக்கலாம். வாங்கும்போது முகத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான பிளாக்குகளில் வடிவம் உள்பக்கம் இருக்கும், வெளிப்பக்கம் மழமழவென்று இருக்கும். வெளியிலும் மேடுபள்ளம் தட்டுப்பட்டால் அதில் ஸ்டிக்கர் நிற்காது.

அக்ரிலிக் எனும் பிளாஸ்டிக்கில் செய்த பிளாக்கும் கிடைக்கிறது. எடை மிகக் குறைவு, விழுந்தாலும் சிதறாது, குழந்தைகள் ஓடும் இடத்தில் அதுவே சரி. இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். அக்ரிலிக்கை ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் நாளடைவில் மெல்லிய விரிசல் வலை படரும். சோப்புத் தண்ணீர் போதும். உலர்ந்த துணியால் தேய்த்தாலே கீறல் விழும்.

துளை

தேவையானவை: வைரத்தூள் பூசிய 20 மி.மீ. வட்டத் துளை பிட், வேகத்தைக் குறைத்துக்கூட்டும் பேட்டரி டிரில், பிசைந்து ஒட்டும் புட்டி அல்லது களிமண், ஒரு சிறிய பலகைத் துண்டு, தண்ணீர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம், தடித்த துண்டு. மின்சாரத்தில் நேரடியாக ஓடும் டிரில்லைத் தண்ணீர் தேங்கும் வேலைக்கு எடுக்க வேண்டாம். ஓடு துளைக்கும் ஈட்டிமுனை பிட்டும் இதற்கு ஆகாது. மெல்லிய கண்ணாடியில் அது சமாளிக்கும், இந்தத் தடிமனில் ஓரத்தைப் பெயர்த்துவிடும்.

இடம் எது? விளிம்பின் நடுவில் ஓடும் ஒட்டுவரி மேல் வைப்பதுதான் பலருக்கும் தோன்றும். அது மேடாகவும் சீரில்லாமலும் இருப்பதால் பிட் வழுக்கும். உருக்கி ஒட்டிய இடத்தில் உள்ளிறுக்கமும் அதிகம் இருக்கலாம். பின்முகத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி மையம் வைத்தால், 20 மி.மீ. துளை ஒட்டுவரிக்கும் பின்முகத்தின் உள்பக்கத்துக்கும் நடுவே தட்டாமல் விழும். மூலைகளிலிருந்து குறைந்தது 40 மி.மீ. விலகியிருங்கள். எந்த விளிம்பில் என்பது பிளாக் எப்படி நிற்கப்போகிறது என்பதைப் பொறுத்தது. மேலே வைத்தால் ரிப்பன் முடிச்சு மறைத்துக்கொள்ளும், ஆனால் வயர் பின்பக்கமாகத் தொங்கி இறங்கும். அடியில் வைத்தால் வயர் தெரியாது, ஆனால் பிளாக்குக்குக் கால் ஒட்டியாக வேண்டும். பக்கவாட்டில், தரையை ஒட்டி, பின்பக்கமாக வைப்பது எனக்கு எப்போதும் சரியாகப்படுகிறது: மூடியைக் கழற்றிச் சரிபார்க்க பிளாக்கைத் தூக்கவே வேண்டாம்.

கட்டட பிளாக்கின் விளிம்பில் சாந்து பிடிப்பதற்காக ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். துளை விழும் இடத்தில் அதை பிளேடால் சுரண்டிவிடுங்கள். விட்டால் அது சூட்டில் குழைந்து பிட்டின் வைரத்தூளை அடைத்துக்கொள்ளும். பிட் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அழுத்திவிடுவோம், கண்ணாடி பிளந்துவிடும்.

பலகைத் துண்டில் 20 மி.மீ. துளை போட்டு, அதைப் பிளாக்கின் மேல் டேப்பால் இறுக்குங்கள். வட்டத் துளை பிட்டுக்கு நடுவில் ஊசிமுனை இல்லாததால் தொடக்கத்தில் அலையும்; பலகை அதைப் பிடித்து வைக்கும். அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்ததும் பலகையை எடுத்துவிட்டு, புட்டியால் சுற்றிலும் ஒரு வரப்புக் கட்டி உள்ளே தண்ணீர் விடுங்கள். வேகம் நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்று. டிரில்லின் சொந்த எடைக்கு மேல் அழுத்தம் வேண்டாம். அவ்வப்போது பிட்டைச் சற்றே தூக்கினால் தண்ணீர் அடிவரை போகும். தண்ணீர் பால் போல வெளுத்ததும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். காய்ந்த நிலையில் ஒருபோதும் துளையிடாதீர்கள். கண்ணாடித் தூள் பறப்பது ஒரு பக்கம், ஒரே இடத்தில் சூடேறிப் பிளாக் வெடிப்பது இன்னொரு பக்கம். ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும். இரண்டு நிமிடத்தில் முடிந்தால் அது அதிர்ஷ்டம்தான், அடுத்த பிளாக்கில் அந்த வேகம் வேண்டாம்.

முடியும் தறுவாயில்தான் உள் அழுத்தம் தன் வேலையைக் காட்டும். பிட் உடைத்துக்கொண்டு உள்ளே போகும் அந்த நொடியில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். வரப்புக்குள் இருக்கும் தண்ணீர் முழுவதும் உள்ளே உறிஞ்சப்படும். அந்தத் தண்ணீர் கண்ணாடிக் குழம்பாக இருந்தால் குழம்பு அப்படியே உள்முகமெங்கும் தெறித்துப் படியும். அதனால் சத்தம் மாறி, பிட் லேசாகப் பிடிப்பது போலத் தோன்றும்போதே நிறுத்தி, வரப்புக்குள் தெளிந்த தண்ணீரை மாற்றிவிட்டு, அழுத்தத்தையும் பாதியாகக் குறைத்து முடியுங்கள். பெயர்ந்த ஓரம் உள்பக்கமாகத்தான் விழும் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வயருக்குத் தெரியும்.

துளையின் நடுவில் இருந்த வட்டு உள்ளே விழுந்து கலகலக்கும். அது துளையை விடச் சிறியது, ஆனால் சரியான கோணத்தில் வந்தால்தான் வெளியே வரும். குச்சி நுனியில் இரட்டைப் பக்க டேப் சுற்றி ஒட்டி எடுப்பது எளிது. துளையின் வாயை, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் 220 எண் உப்புத்தாளை விரலில் சுற்றி, ஈரத்தோடே தேய்த்து மழுக்குங்கள். உள்விளிம்பையும் சேர்த்து.

கழுவி உலர்த்துவது

உள்ளே போன குழம்பு காய்வதற்குள் கழுவ வேண்டும். காய்ந்துவிட்டால் வெண்படலமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தத் தூரிகையும் அந்த மூலைக்கு எட்டாது. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரைக் கால்வாசி ஊற்றி, விரலால் துளையை அடைத்துக் குலுக்கிக் கொட்டுங்கள். விரலில் கையுறை இருக்கட்டும். தண்ணீர் தெளியும் வரை ஐந்தாறு முறை. பிறகு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தோடு ஒரு முறை, நுரை போகும்வரை அலசல். குழாய்த் தண்ணீரில் உப்பு இருந்தால் காய்ந்ததும் சொட்டுச் சொட்டாகக் கறை நிற்கும். கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்தால் அது வராது. ஏற்கெனவே கறை படிந்துவிட்டது என்றால் வினிகரை ஊற்றி அரை மணி நேரம் புரட்டிப் புரட்டி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் விடும்.

கடைசியாக 50 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை விட்டு எல்லா முகமும் நனையும்படி சுழற்றிக் கொட்டுங்கள். தங்கிய தண்ணீரை அது இழுத்துக்கொண்டு வெளியேறும். பக்கத்தில் தீயோ சூடான பொருளோ இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அதன் ஆவி முழுதும் போவதற்குள் லைட்டை நுழைத்து எரியவிடுவதும் கூடாது.

துளையைக் கீழ்நோக்கி, இரண்டு குச்சிகள் மேல் வைத்து 48 மணி நேரம் விடுங்கள். அவசரம் என்றால் முடி உலர்த்தும் கருவியைக் குளிர் காற்றில் வைத்துத் துளைக்குள் ஊதலாம். சூடான காற்று வேண்டாம். முகம் தடித்தும் பக்கம் மெலிந்தும் இருக்கும் கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் விரிசல் விழும். அதே காரணத்தால் அடுப்பில் வைப்பதும் கூடவே கூடாது.

கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: துளையை டேப்பால் ஒட்டிவிட்டு, முன்முகத்தின் மேல் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நிமிடம் போடுங்கள். துணியை எடுத்துத் துடைத்ததும் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் இன்னும் ஒரு நாள். லைட் எரியும்போது உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, அணைத்தபின் குளிர்ந்த முகத்தில் படிவதுதான் அந்தக் காலை நேர மங்கல். லைட்டோடு 5 கிராம் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் பின்பக்க அடியில் போட்டு வைத்தால் மிச்சம் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

எந்த லைட், எவ்வளவு

இழை பல்பு சீரியல் செட்டை இதற்குள் வைக்காதீர்கள். ஒரு மினி பல்பு 0.4 வாட் என்றால் 50 பல்புக்கு 20 வாட், அத்தனையும் காற்றோட்டமில்லாத ஒரு சின்னப் பெட்டிக்குள். கண்ணாடியைத் தொட முடியாத சூடு வராவிட்டாலும், ஸ்டிக்கர் சுருண்டு, பசை இளகி, உள்ளே நிரப்பிய எதுவாக இருந்தாலும் பழுப்பேறும். எல்இடியில் அதே எண்ணிக்கைக்கு மூன்று, நான்கு வாட் போதும்.

செம்புக் கம்பியில் மணி மணியாக எல்இடி கோத்த ஃபேரி லைட் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம். கம்பி மெலிது, எப்படி வளைத்தாலும் நிற்கும், எரியும்போது கண்ணுக்கே தெரியாது. பத்து செ.மீ. இடைவெளியில் 50 எல்இடி கொண்ட 5 மீட்டர் சரம் ஒரு 190 மி.மீ. பிளாக்குக்குப் போதும். வெளிச்சமான அறையில் வைப்பதென்றால் 100 எல்இடி, 10 மீட்டர். அதற்கு மேல் போட்டால் வெளிச்சம் கூடுவதை விடக் குழப்பம்தான் கூடும். பிளாஸ்டிக் வயரில் வரும் தடித்த எல்இடி செட் என்றால் 35 போதும். வெள்ளை அல்லது நிறமற்ற வயராகப் பாருங்கள். பச்சை வயர் பிளாக்குக்குள் பாசி படிந்தது போலத் தெரியும்.

நிறத்தில் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் கலந்த வெள்ளை கண்ணாடிக்கு உயிர் கொடுக்கும். கண்ணாடியின் இயல்பான மெல்லிய பச்சை, 6000 கெல்வின் வெள்ளையில் பளிச்சென்று தெரிந்து, குளியலறை விளக்கு போலாகிவிடும். நீலநிறச் சரத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அது எப்படிப்பட்ட பிளாக்கிலும் அழகாக இருக்கும்.

மின்சாரம் எப்படி வருகிறது என்பதை வாங்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். மெயின் மின்சாரம் நேரடியாக ஓடும் செட்டைக் கண்ணாடித் துளை வழியாக நுழைப்பது எனக்கு உடன்பாடில்லை. துளையின் ஓரம் உறையைக் கீறினால், உள்ளே துளி ஈரமும் இருந்தால், தொடுபவர் கைக்கு வந்துவிடும். மறுமுனையில் இன்னொரு செட் இணைக்கும் சாக்கெட் இருக்கும் வகை இன்னும் மோசம். முதலில் உள்ளே போவது மின்சாரம் பாயும் அந்த சாக்கெட்தான். அடாப்டர் வழியாக 5 வோல்ட்டிலோ 24, 31 வோல்ட்டிலோ ஓடும் சரங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

பேட்டரி என்றால் மூன்று ஏஏ, அதாவது 4.5 வோல்ட் பெட்டி. சரம் 100 மில்லி ஆம்பியர் எடுத்தால் 2,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 20 மணி நேரம். ஆறு மணி நேரம் எரிந்து பதினெட்டு மணி நேரம் அணையும் டைமர் உள்ள பெட்டியில் இது மூன்று மாலைகளுக்கு மேல். ஆனால் ஒரே வெளிச்சத்தில் எரிந்து சட்டென்று அணையாது, முதல் நாளிலிருந்தே மெல்ல மெல்லக் குறையும். பல வண்ணச் சரத்தில் நீலமும் வெள்ளையும் மங்கி, சிவப்பு மட்டும் நன்றாக எரிந்தால் சரம் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள். வெள்ளை, நீல எல்இடிக்கு 3 வோல்ட் அளவில் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட் போதும். பேட்டரி இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். ரீசார்ஜ் பேட்டரி மூன்றும் சேர்ந்து 3.6 வோல்ட்தான் தரும் என்பதால் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

பவர் பேங்கில் மாட்டினால் சில நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் பிரச்சினையும் இதே போலத்தான். சரம் எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால், போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று அது முடிவுசெய்துகொள்கிறது. குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி நிலை உள்ள பவர் பேங்க் வேண்டும், இல்லையென்றால் சாதாரண போன் சார்ஜர். பேட்டரிப் பெட்டியை வெட்டிவிட்டு நேராக யுஎஸ்பி வயரை இணைப்பவர்களும் உண்டு. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் பல சரங்களில் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. பெட்டி போனால் சரமும் போகும்.

பட்டன் பேட்டரிச் சரங்களை ஒதுக்குங்கள். சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம், குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது அந்தப் பேட்டரி. கையெட்டும் உயரத்தில் வைக்கும் அலங்காரப் பொருளில் அது வேண்டாம்.

எந்தச் சரமானாலும் நுழைக்கும் முன் நான்கைந்து மணி நேரம் வெளியில் எரியவிட்டுப் பாருங்கள். கெட்டுப்போகும் எல்இடிகளில் பல இந்த நேரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

நுழைப்பது

சுருட்டி உருண்டையாகத் திணித்தால் அது உருண்டையாகவே அடியில் கிடக்கும். சரத்தை முழு நீளத்துக்கு விரித்து, எரியவிட்டபடியே, பிளக் இல்லாத முனையிலிருந்து ஒவ்வொரு எல்இடியாக விடுங்கள். பிளாக்கை மேசையில் முகம் மேலாகக் கிடத்தி, பத்து எல்இடிக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்பினால், கம்பி ஒவ்வொரு மூலையாகப் போய்த் தங்கும். மழுங்கிய முனையுள்ள மெல்லிய மரக்குச்சியால் எட்டாத மூலைக்குத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி உறையைக் கீறும். கடைசி ஒரு அடி சரத்தை நடுவில் தொங்கவிட்டால் மையம் காலியாகத் தெரியாது.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். எல்இடி முன்முகத்தை ஒட்டிக் கிடந்தால் கூரிய புள்ளியாகத் தெரியும். பின்முகத்தை ஒட்டிக் கிடந்தால் அந்த 60 மி.மீ. தூரத்தில் ஒளி விரிந்து முகம் முழுக்கப் பரவும். டோக்கியோவின் கின்சாவில் 2001இல் ரென்சோ பியானோ வடிவமைத்த மேசோன் எர்மெஸ் கட்டடத்தின் முகப்பு ஏறத்தாழ 13,000 கண்ணாடிப் பிளாக்குகளால் ஆனது. இரவில் விளக்குகள் தனித்தனியாகத் தெரியாமல் கட்டடமே ஒரு லாந்தர் போல ஒளிர்வதற்குக் காரணம், விளக்குக்கும் கண்ணாடிக்கும் இடையே அறை அளவு தூரம் இருப்பது. நம் பிளாக்கில் தூரம் குறைவு. அதனால் எல்இடிகளைப் பின்பக்கம் தள்ளுவதும், பின்முகத்தின் வெளியே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி ஒளியை முன்னே திருப்புவதும் அவ்வளவு வித்தியாசம் காட்டுகின்றன. வெள்ளிநிறத் தாளை விட வெள்ளைத் தாள் நல்லது. வெள்ளித் தாள் எல்இடியை இன்னொரு புள்ளியாகப் பிரதிபலிக்கும், வெள்ளை அதைக் கரைக்கும்.

தெளிவான முகம் உள்ள பிளாக்கில் நிரப்பு தேவை. நிறமற்ற செலஃபேன் தாளை விரலகலப் பட்டைகளாக வெட்டிக் கசக்கி, சரத்தோடு மாற்றி மாற்றி நுழைக்கலாம்: பத்து எல்இடி, கொஞ்சம் தாள், பத்து எல்இடி. முதலில் தாள் முழுவதையும் அடைத்துவிட்டால் சரம் போக வழியிருக்காது. பஞ்சு நிரப்புவதைத் தவிர்க்கவும்; ஈரத்தை இழுக்கும், பிறகு உருவவும் முடியாது.

வயர் வெளியேறும் இடத்தில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டுங்கள். மூடியில் வயர் போகும் அளவுக்கு ஒரு பிளவு போதும். சிலிக்கான் வைத்து நிரந்தரமாக அடைக்க வேண்டாம், சரம் என்றாவது ஒரு நாள் கெடும்.

வெளிப்புறம்

வினைல் ஸ்டிக்கரில் பலரும் ஏமாறுவது நிறத்தில்தான். ஒளி ஊடுருவாத சிவப்பு வினைல் பகலில் சிவப்பு. பின்னால் விளக்கு எரிந்ததும் கறுப்பு. தங்கநிறமும் அப்படியே. எரியும்போது நிறம் தெரிய வேண்டும் என்றால் ஒளி ஊடுருவும் வினைல் அல்லது கண்ணாடிப் பெயின்ட் வேண்டும். இல்லையென்றால் கறுப்பு நிழலுருவமே போதும் என்று முடிவெடுத்து அதற்கேற்ப வரையுங்கள். அது ரொம்ப நன்றாகவே இருக்கும்.

190 மி.மீ. முகத்தில் 170 மி.மீ.க்குள் படம் அடங்கட்டும். விளிம்பில் கண்ணாடி வளைவதால் அங்கே ஒட்டு தூக்கும். கோடுகள் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தமிழில் பெயர் வெட்டும்போது புள்ளிகள்தான் முதலில் கழன்று போகும், அவற்றை 5 மி.மீ. விட்டத்துக்குப் பெரிதாக்குங்கள். முகத்தை ஆல்கஹாலால் துடைத்துக் காய்ந்த பிறகு, சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து அதன்மேல் ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மேல்தாளை உரியுங்கள்.

எழுத்து இருட்டாகவும் பின்புலம் ஒளியாகவும் வேண்டாம், எழுத்தே ஒளிர வேண்டும் என்றால் கண்ணாடி அரிக்கும் கிரீம். வினைலில் எழுத்து வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒட்டி, திறந்த இடத்தில் கிரீமைத் தடிமனாகப் பூசி, டப்பாவில் சொன்ன நேரம் வைத்துக் கழுவ வேண்டும். அரிபட்ட இடம் ஒளியைச் சிதறடித்துப் பால்வெள்ளையாக மின்னும். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டுகளைத் தொலைத்துவிடாமல் தனியாக ஒட்ட வேண்டும். இந்தக் கிரீமில் ஃபுளோரைடு உப்புகள் இருக்கின்றன: ரப்பர் கையுறை, கண் கவசம், திறந்த ஜன்னல், மூன்றும் கட்டாயம். பிளாஸ்டிக் பிளாக்கில் இது வேலை செய்யாது.

கண்ணாடிப் பெயின்ட் டப்பாக்களில் ஓவன் அடுப்பில் சுட்டு இறுக வைக்கச் சொல்லியிருப்பார்கள். அது கோப்பைக்கும் தட்டுக்கும். பிளாக்கைச் சுடாதீர்கள், காற்றிலேயே 21 நாள் இறுக விடுங்கள்.

ரிப்பனுக்குக் கணக்கு எளிது. முன், மேல், பின், கீழ் என ஒரு சுற்று 54 செ.மீ.; குறுக்கே இன்னொரு சுற்றும் அதே. இரண்டிலும் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று படிய 5 செ.மீ., முடிச்சுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல், ஆக 3 மீட்டர் வாங்கினால் தடுமாற வேண்டாம். ஓரத்தில் கம்பி வைத்த, 40 மி.மீ. அகல ரிப்பன் முடிச்சின் வடிவத்தை விடாமல் நிற்கும். ஹாட் குளூவைக் கண்ணாடி மேல் நம்பாதீர்கள். அன்று பிடிக்கும், இரண்டு நாளில் தோலாக உரியும்; வழவழப்பான கண்ணாடியில் அதற்குப் பிடிமானம் இல்லை. ரிப்பனை ரிப்பனோடு ஒட்ட ஹாட் குளூ, கண்ணாடியோடு ஒட்ட இரட்டைப் பக்க டேப். அடியில் நான்கு சிலிக்கான் பொட்டுக் கால்கள், 6 மி.மீ.க்குக் குறையாத உயரம். மேசையும் கீறாது, வயரும் நசுங்காது.

அடுக்குவது

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆசை வரும். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று கூம்பாக அடுக்கினால் 10 பிளாக், 23 கிலோ, 76 செ.மீ. உயரம். ஆழமோ வெறும் 8 செ.மீ. முன்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் மொத்தமும் சாயும். இரண்டு அடுக்குக்கு மேல் போனால் பின்னால் ஒரு மரச்சட்டம் வைத்து அதைச் சுவரோடு இறுக்கியே ஆக வேண்டும். ஒட்டுவதற்கு நடுநிலை வகை சிலிக்கான் எடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை இறுகும்போது வெளிவிடும் அமிலம் செம்புக் கம்பியை அரிக்கும். துளை பக்கத்திலேயே இருக்கிறதல்லவா. ஒட்டிய ஒவ்வொரு வரிசைக்கும் 24 மணி நேரம் கொடுத்த பிறகே அடுத்த வரிசை.

ஒரே சரத்தைப் பத்து பிளாக்குக்குள் ஓட்ட முயன்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு துளை வேண்டும், ஒன்று கெட்டால் பத்தும் போகும். தனித்தனிச் சரம் போட்டு ஒரு யுஎஸ்பி பிரிப்பானில் சேருங்கள். ஒவ்வொன்றும் 0.2 ஆம்பியர் என்றால் பத்துக்கு 2 ஆம்பியர். அடாப்டரில் 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் நிம்மதி. திறந்த வெளியில் வைப்பதென்றால் தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் என்பதற்கான ஐபி44 முத்திரை சரத்தில் இருப்பதை மட்டும் பார்த்து நின்றுவிட வேண்டாம். அடாப்டரின் முத்திரையைத் தனியாகப் பாருங்கள். சரம் மழையைத் தாங்கும், அதன் அடாப்டர் பெரும்பாலும் வீட்டுக்குள் வைப்பதற்கானது.

பண்டிகை முடிந்து எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் கிடந்தால் கசிந்து பெட்டியின் தகடுகளைத் தின்றுவிடும். நன்றாக எரியும் சரத்தை உருவ வேண்டாம், உருவும்போதுதான் பெரும்பாலான சரங்கள் அறுபடுகின்றன. சிலிக்கா ஜெல் பையை மட்டும் மாற்றி, மூடியை அழுத்தி, பிளாக்கைக் குமிழ்த்தாளில் சுற்றி நிமிர்த்தி வைத்தால், அடுத்த ஆண்டு தூசி தட்டியதும் எரியும்.